பக்கவாதத்துக்குப் பின் மொழி மீளும் வழி

பெருமூளையின் இடப்பாதிக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்களுள் ஒன்று அடைபட்டாலோ வெடித்தாலோ, உடலின் வலப்பக்கம் செயலிழப்பதோடு பலருக்கு மொழியும் குலைந்துவிடுகிறது. பக்கவாதத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த 881 பேரை கோபன்ஹேகன் நகரில் தொடர்ந்து கவனித்து 1995-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, சேரும்போது அவர்களுள் 38 விழுக்காட்டினருக்கு மொழியிழப்பு இருந்ததையும், மருத்துவமனையை விட்டு நீங்கும்போது அந்த அளவு 18 விழுக்காடாகக் குறைந்திருந்ததையும் பதிவுசெய்தது. இந்தக் குறைவில் இறந்துபோனோரின் பங்கும் உண்டு என்றாலும், எஞ்சியவர்களுள் பலருக்குச் சில வாரங்களுக்குள்ளாகவே பேச்சு ஓரளவு திரும்பியது என்பதில் ஐயமில்லை. அழிந்த நரம்பணுக்களோ மீண்டும் முளைப்பதில்லை. அவை இருந்த இடம் காலப்போக்கில் நீர் நிறைந்த குழியாகவும் தழும்பாகவும் நின்றுவிடுகிறது. அப்படியிருக்க, அந்த இடம் செய்துவந்த வேலை எங்கிருந்து திரும்பி வருகிறது என்பதே நரம்பியல் 160 ஆண்டுகளாக விடை தேடிவரும் கேள்வி.

மொழியிழப்பு என்று இங்கே குறிக்கப்படுவது மருத்துவர்கள் அஃபேசியா என்று அழைக்கும் நிலை. வீடுகளில் 'வாய் இழுத்துக்கொண்டது', 'பேச்சு போய்விட்டது' என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் இருவேறு குறைகள் கலந்து கிடக்கின்றன. நாக்கு, உதடு, தொண்டை ஆகியவற்றின் தசைகள் தளர்ந்து சொற்கள் குழறுவது ஒன்று. அந்நிலையில் உள்ளவருக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம் மனத்தில் முழுமையாக இருக்கிறது, கை ஒத்துழைத்தால் அதைப் பிழையின்றி எழுதியும் காட்டுவார். மொழியிழப்பில் சொல்லே கைக்கு எட்டுவதில்லை. எட்டினாலும் வேறொரு சொல் வந்து நிற்கிறது. பிறர் பேசுவது காதில் தெளிவாக விழுந்தும் பொருளாகக் கூடுவதில்லை. எழுத்தும் வாசிப்பும் கூடவே குலைகின்றன. தண்ணீர் கேட்க நினைத்தவர் சாவி என்று சொல்லிவிட்டு, தாம் சொன்னது தவறு என்பதை உணர்ந்து தவிப்பதும், உணராமலே தொடர்ந்து பேசுவதும் நோயின் வகையைப் பொறுத்தவை.

இதைப் புத்தி தடுமாற்றமாகக் கருதுவது மிகப் பெரிய பிழை, மொழியிழந்தோருக்கு இழைக்கப்படும் முதல் அநீதியும் அதுவே. ஆங்கில அகராதியை உருவாக்கிய சாமுவேல் ஜான்சன், 1783 ஜூன் மாதத்தில் ஓர் இரவில் பேச்சிழந்தபோது, தம் அறிவு கெடவில்லை என்று உறுதிசெய்துகொள்ள இலத்தீனில் ஒரு வேண்டுதல் செய்யுளை மனத்துக்குள் இயற்றிப் பார்த்தார். சோவியத் இசையமைப்பாளர் விஸ்ஸரியோன் ஷெபாலின், பக்கவாதத்தால் பேசவும் பேச்சைப் புரிந்துகொள்ளவும் கடுமையாக இடர்ப்பட்ட நிலையிலேயே 1962-இல் தம் ஐந்தாம் சிம்பொனியை முடித்தார். ஸ்வீடன் கவிஞர் தோமஸ் திரான்ஸ்திரோமர் 1990-இல் பேச்சையும் வலக்கையின் இயக்கத்தையும் இழந்த பின்னர் இடக்கையால் மட்டும் பியானோ வாசித்தார், கவிதை நூல்களும் வெளியிட்டார், 2011-இல் நோபல் பரிசும் பெற்றார்.

மூளையில் மொழிக்கென்று ஓர் இடம் உண்டு என்ற கருத்து நிலைபெற்றது 1861-இல். பாரிஸின் அறுவை மருத்துவர் பால் ப்ரோக்கா, இருபது ஆண்டுகளுக்கு மேலாக 'டான்' என்னும் ஓரசையைத் தவிர ஏறத்தாழ வேறெதையும் சொல்ல இயலாதிருந்து இறந்த லெபோர்ன் என்பவரின் மூளையை ஆராய்ந்து, இட முன்மடலின் கீழ்ப்பகுதி அழிந்திருந்ததைக் காட்டினார். பேச்சு இடப்பாதியைச் சார்ந்தது என்பதை 1865-இல் வெளிப்படையாக வலியுறுத்தினார். 1874-இல், 26 வயதே ஆன கார்ல் வெர்னிக்கே, பக்க மடலின் பின்பகுதி கெடும்போது பேச்சு சரளமாக ஓடியும் பொருள் கெட்டுப்போவதை விளக்கி, பேச்சை உருவாக்கும் இடமும் பேச்சை உணரும் இடமும் வேறு வேறு, அவற்றை நரம்பிழைகள் இணைக்கின்றன என்ற கோட்பாட்டை அமைத்தார். இந்தக் கோட்பாட்டின் வலிமையே அதன் இடர்ப்பாடாகவும் ஆனது. இடம் அழிந்தால் திறன் அழியும் என்றால், இடம் அழிந்தும் திறன் திரும்புவது எப்படி?

உடனே தோன்றிய விடை, வலப்பாதி அந்த வேலையை ஏற்கிறது என்பது. ப்ரோக்காவே அதற்கு இடம் விட்டிருந்தார். 1877-இல் தாமஸ் பார்லோ என்னும் ஆங்கில மருத்துவர் வெளியிட்ட ஒரு குறிப்பு அதற்கு வலுச் சேர்த்தது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இடப்பாதிப் பக்கவாதத்தால் பேச்சை இழந்து, விரைவிலேயே அதைத் திரும்பப் பெற்று, சில மாதங்களுக்குப் பின் வலப்பாதியிலும் பக்கவாதம் தாக்கியபோது மறுபடியும் இழந்தான். இறந்த பின் பார்த்தபோது இரு பாதிகளிலும் ஒன்றுக்கொன்று நேரான இடங்கள் கெட்டிருந்தன. முதல் தாக்குதலுக்குப் பின் அவனைப் பேசவைத்தது வலப்பாதியே என்று அன்று படித்தவர்கள் முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை. ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 1971-இல் மார்செல் கின்ஸ்போர்ன் மொழியிழப்புடைய மூவருக்குக் கழுத்துத் தமனி வழியாக மயக்கமருந்து செலுத்தி மூளையின் பாதிகளைச் சில நிமிடங்கள் உறங்கவைத்துப் பார்த்து, அவர்களிடம் எஞ்சியிருந்த பேச்சு வலப்பாதியிலிருந்தே வந்தது என்று அறிவித்தார். இன்றும் பொதுமக்களுக்கான எழுத்துகளில் மொழி மீட்சி என்றால் 'வலது மூளை இடது மூளையின் வேலையை எடுத்துக்கொள்கிறது' என்றே எழுதப்படுவதற்கு இந்த மரபே காரணம். அந்த வாக்கியம் முழுப் பொய்யன்று. ஆனால் பெரியவர்களைப் பொறுத்தவரை, நடப்பவற்றுள் அது சிறு பகுதியையே சொல்கிறது. கால வரிசையில் பார்த்தால்தான் இது விளங்கும்.

முதல் சில மணிகளிலும் நாள்களிலும் நடப்பது, வேலை கைமாறுவதைவிட, உயிரோடிருக்கும் நரம்பணுக்கள் பிழைத்து எழுவதே. நலமான நிலையில் மூளைத் திசு 100 கிராமுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் குருதி பாய்கிறது. அது 20-க்குக் கீழே இறங்கினால் நரம்பணுக்கள் செயலற்றுப்போகின்றன, 10-ஐ நெருங்கினால் இறக்கின்றன. அடைப்பின் நடுவே இறந்த பகுதியும் அதைச் சுற்றிச் செயலற்றும் உயிரோடு இருக்கும் பகுதியும் இவ்வாறு உண்டாகின்றன. கிரகணத்தில் கருநிழலைச் சூழ்ந்திருக்கும் மங்கிய வளையத்துக்குப் பள்ளிப் பாடநூலில் உள்ள பெயரான புறநிழல் என்பதையே மருத்துவமும் இந்தப் பகுதிக்கு வைத்திருக்கிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்ட பின், சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும் என்பதும், பெரிய குழாயின் கட்டியைத் தமனி வழியாகக் குழல் செலுத்தி வெளியே இழுக்கும் சிகிச்சையைத் தேர்ந்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் செய்யலாம் என்பதும் இந்தப் புறநிழலை நம்பியே வகுக்கப்பட்டவை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்கை ஹில்லிஸ், குருதி மீண்டும் பாய்ந்த இடம் எதுவோ அதற்குரிய மொழித்திறன் சில நாள்களுக்குள் திரும்புவதை நோயாளிகளின் படங்களோடு ஒப்பிட்டுக் காட்டினார். மருத்துவமனைக்கு விரைவாகக் கொண்டுசெல்வதே மொழி மீட்சியின் முதல் சிகிச்சை என்று சொல்வது இதனால்தான். பின்னால் அளிக்கப்படும் எந்தப் பயிற்சியும் இந்த மணிகளில் காப்பாற்றப்படும் திசுவுக்கு ஈடாகாது.

இன்னொரு விளைவும் இக்காலத்தில் செயல்படுகிறது. ஓரிடம் அழிந்ததும் அதனோடு இழைகளால் பிணைந்திருந்த தொலைவான இடங்கள், தமக்குக் குருதி குறையாதபோதும், வழக்கமாக வந்துகொண்டிருந்த தூண்டல் நின்றுபோனதால் சோர்ந்துவிடுகின்றன. சூரிச் நகரில் பணியாற்றிய கான்ஸ்டன்டின் ஃபான் மொனக்கோவ் 1914-இல் வெளியிட்ட நூலில் இதை டயாஸ்கிசிஸ் என்ற பெயரால் விரிவாக விளக்கினார். தொலைவுச் சோர்வு என்று இதைத் தமிழில் சொல்லலாம். ஓர் ஊரின் மின்நிலையம் எரிந்தால் எரியாத வீடுகளிலும் விளக்கு அணைவதைப் போன்றது இது. வீடுகள் கெடவில்லை என்பதால், வேறு தடத்தில் மின்சாரம் வந்தவுடன் விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. முதல் வாரங்களில் குடும்பத்தார் 'தானாகவே தேறிவிட்டது' என்று காணும் முன்னேற்றத்தில் பெரும்பங்கு இந்தச் சோர்வு நீங்குவதால் வருவது.

இதற்குப் பின்னரே உண்மையான மறுசீரமைப்பு தொடங்குகிறது. அழிந்த பகுதியின் ஓரத்தில் உள்ள நரம்பணுக்கள், கருவளர்ச்சிக் காலத்தில் செயல்பட்டுப் பின் அடங்கியிருந்த மரபணுக்களை மீண்டும் இயக்கி, புதிய இழைகளை விட்டு அயலிடங்களோடு தொடர்பு கொள்வதை விலங்குகளில் செய்த சோதனைகள் காட்டியுள்ளன. மனிதரில் இதை நேராகப் பார்க்க இயலாது. ஆனால் மூளையின் எந்தப் பகுதி எப்போது வேலை செய்கிறது என்பதைக் குருதியோட்ட மாற்றத்தால் காட்டும் எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு அதன் விளைவைப் பின்தொடரலாம். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் டொரோத்தே சாவரும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் இன்றளவும் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. இடப்பாதிப் பக்கவாதமும் மொழியிழப்பும் கொண்ட 14 பேரை, தாக்குதலுக்கு ஏறத்தாழ 2 நாள் கழித்தும், 12 நாள் கழித்தும், பத்து மாதங்களுக்குப் பின்னும் என மூன்று முறை படம்பிடித்து, அவர்கள் வாக்கியங்களைக் கேட்கும்போது மூளை இயங்கிய விதத்தை ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். முதல் படத்தில் இடப்பாதியில் எஞ்சியிருந்த மொழிப் பகுதிகளில் சிறு அசைவே தெரிந்தது. இரண்டாம் படத்தில் மொழி வலைப்பின்னல் முழுவதும் மிகையாகக் கிளர்ந்தது. மிக உயர்ந்த கிளர்ச்சி வலப்பாதியில், ப்ரோக்காவின் பகுதிக்கு நேரெதிரான இடத்தில் காணப்பட்டது. மூன்றாம் படத்தில் அந்தக் கிளர்ச்சி தணிந்து, உச்சம் மீண்டும் இடப்பாதிக்கே வந்திருந்தது. அத்துடன் பேச்சும் தேறியிருந்தது.

14 பேர் என்பது சிறு எண்ணிக்கை. ஆயினும் ஒரே நபர்களை வெவ்வேறு கட்டங்களில் பார்த்தது இந்த ஆய்வின் சிறப்பு. வலப்பாதி இடைக்காலத்தில் உதவிக்கு வருகிறது, வேலையை நிலையாக ஏற்பதில்லை என்ற சித்திரம் இதிலிருந்து எழுந்தது. அதன் உதவி உதவிதானா என்ற கேள்வியும் தொடர்ந்து எழுந்தது. இரு பாதிகளும் நடுவே உள்ள தடித்த இழைக்கற்றை வழியே ஒன்றையொன்று அடக்கி வைத்திருக்கின்றன. இடப்பாதி கெட்டதும் அடக்குவார் இல்லாமல் வலப்பாதி வெறுமனே மிகையாக இயங்குகிறது, அந்த இயக்கம் இடப்பாதியில் எஞ்சியதை மேலும் நசுக்குகிறது என்று சிலர் வாதிட்டனர். பாஸ்டனில் மார்கரெட் நேசர் குழுவினர் 2005-இல், நெடுநாள் மொழியிழப்புடைய நால்வருக்கு வலப்பாதியில் ப்ரோக்காவின் பகுதிக்கு நேரெதிரான புள்ளியைக் காந்தத் துடிப்புகளால் தணித்தபோது, படங்களுக்குப் பெயர் சொல்லும் திறன் உயர்ந்ததைக் கண்டனர். ஆனால் 2012-இல் பீட்டர் டர்கெல்டாப் குழுவினர் விவரித்த ஒரு நோயாளி, இதே சிகிச்சையால் தேறிய பின் வலப்பாதியில் பக்கவாதம் வந்து மொழியில் பின்னடைந்தார். வலப்பாதியின் ஒரு புள்ளி தடையாக இருக்கலாம், மற்றப் பகுதிகள் மொழியைத் தாங்கிக்கொண்டிருக்கலாம் என்பதே இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பொருள்.

குழந்தைகளின் கதை முற்றிலும் வேறு. பிறக்கும் தறுவாயில் இடப்பாதியில் பக்கவாதம் ஏற்பட்டு, பின்னர் இளைஞர்களாக வளர்ந்த 15 பேரை எலிஸா நியூபோர்ட் தலைமையிலான குழு ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட முடிவுப்படி, அவர்களிடம் மொழி வலப்பாதியில், வழக்கமான மொழிப் பகுதிகளின் நேரெதிர் இடங்களிலேயே அமைந்திருந்தது; வாக்கியங்களை அவர்கள் மற்றவர்களைப் போலவே புரிந்துகொண்டனர். இளங்குழந்தைகள் மொழியைக் கேட்கும்போது இரு பாதிகளுமே இயங்குவதும், வளர வளர வலப்பாதியின் பங்கு குறைவதும் அதே குழுவினரின் வேறோர் ஆய்வில் தெரியவந்தது. பார்லோவின் சிறுவனுக்குப் பொருந்திய விளக்கத்தை அறுபது வயதினருக்கு அப்படியே பொருத்தியதில்தான் நூறாண்டுப் பிழை இருக்கிறது.

பெரியவர்களின் படங்களில் வலப்பாதியிலும் முன்மடல்களிலும் தோன்றும் கிளர்ச்சி எல்லாம் மொழிக்குரியதன்று என்பதும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தெளிவாகியுள்ளது. கடினமான கணக்கைப் போடும்போதும், புதிய பாதையில் வண்டி ஓட்டும்போதும், கவனத்தைக் குவித்துப் பிழையைக் கண்காணிக்கும் பொது வலைப்பின்னல் ஒன்று மூளையில் இயங்குகிறது. நலமாக உள்ளவருக்குத் தாய்மொழி வாக்கியத்தைப் புரிந்துகொள்வது முயற்சியற்ற செயல். மொழியிழந்தவருக்கோ அது கடினக் கணக்கு. லண்டனில் ரிச்சர்ட் வைஸ், ஃபத்தேமே கெரான்மாயே ஆகியோரின் குழு, மொழி மீட்சி எனக் கருதப்பட்ட கிளர்ச்சியில் ஒரு பகுதி இந்தப் பொது வலைப்பின்னலின் கடும் உழைப்பே என்று காட்டியது. ஒரு மணி நேரம் பேசிய பின் நோயாளி களைத்துச் சாய்வதை அலட்சியம் என்றும் சோம்பல் என்றும் எண்ணும் உறவினர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

இந்தத் துறையின் படப்பிடிப்பு ஆய்வுகள் அனைத்தையும் திரட்டி எடைபோட்டவர்கள் ஸ்டீபன் வில்சனும் சாரா ஷ்னெக்கும். 2021-இல் அவர்கள் வெளியிட்ட மதிப்பீடு 86 ஆய்வுகளை ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்து, பலவற்றில் முறைக் குறைகள் இருந்ததைச் சுட்டி, இரண்டே முடிவுகள் உறுதியாக நிற்கின்றன என்றது: மொழியிழந்தோரிடம் இடப்பாதி மொழிப் பகுதிகளின் இயக்கம் குறைந்திருக்கிறது, அந்த இயக்கம் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு மொழி திரும்புகிறது. வலப்பாதி வேலையை ஏற்கிறது என்பதற்கான சான்று, அதைப் பற்றி எழுதப்பட்ட அளவோடு ஒப்பிட்டால், மிகச் சிறியது. பெரியவர்களில் மொழி மீள்வது முதன்மையாக இடப்பாதியில் எஞ்சியவை எழுவதாலேயே என்பதே இன்று நியாயமாக வரக்கூடிய தீர்ப்பு.

எஞ்சியது எது, எங்கே என்பதே ஆகவே மீட்சியை முடிவுசெய்கிறது. ப்ரோக்காவின் பகுதி மட்டும் கெட்டால் பேச்சு சில நாள்களோ வாரங்களோ அடங்கிப் பின் திரும்பிவிடுகிறது என்று 1970-களிலேயே ஜே. பி. மோர் காட்டினார். அப்படியானால் லெபோர்னுக்கு ஏன் திரும்பவில்லை? பாரிஸில் பாதுகாக்கப்பட்டிருந்த அவருடைய மூளையை நினா ட்ரான்கர்ஸ் குழுவினர் எம்.ஆர்.ஐ. வழியே படம்பிடித்து 2007-இல் விடை தந்தனர். ப்ரோக்கா மூளையை அறுக்காமல் மேற்பரப்பை மட்டும் ஆராய்ந்து முழுதாகப் பாதுகாத்திருந்தார். அழிவோ உள்ளே ஆழமாகச் சென்று, முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் நீண்ட இழைக்கற்றைகளையும் அறுத்திருந்தது. 2023-இல் வில்சன் குழுவினர் மொழியிழப்புடைய 200-க்கும் மேற்பட்டோரை ஓராண்டு தொடர்ந்து கவனித்தபோதும், முன்மடல் அழிவு மட்டும் உள்ளவர்கள் பொதுவாக நன்றாகத் தேறினர். பக்க மடலும் சுவர் மடலும் சேர்ந்து பரவலாகக் கெட்டவர்களிடம் குறை பெரும்பாலும் நிலைத்தது. முன்னும் பின்னும் விரிந்த பேரழிவு உள்ளவர்களிடமும் அப்படியே.

பேச்சு முற்றிலும் அற்றவர் போலத் தோன்றுபவரும் ஒன்று, இரண்டு என எண்ணுவதும், கிழமைகளை வரிசையாகச் சொல்வதும், வசைச்சொல்லை உதிர்ப்பதும், சிறுவயது முதல் ஓதிய வழிபாட்டுப் பாடலைத் தடையின்றிப் பாடுவதும் உண்டு. பேச்சிழந்தும் தேவாலயப் பாடலைப் பாடிய ஒருவரைப் பற்றி 18-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்வீடனில் குறிப்பு எழுதப்பட்டது. ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் இதைக் கொண்டு, தானாக வரும் பேச்சும் கருதிச் சொல்லும் பேச்சும் மூளையில் வேறு வேறு வகையில் அமைந்தவை என்று பகுத்தார். 1973-இல் பாஸ்டனில் மார்ட்டின் ஆல்பர்ட், ராபர்ட் ஸ்பார்க்ஸ், நான்சி ஹெல்ம் ஆகியோர், சிறு தொடர்களை ஏற்ற இறக்கத்தோடு இசைத்து, இடக்கையால் தாளம் தட்டிச் சொல்லவைக்கும் பயிற்சியை வகுத்தனர். இசை வலப்பாதிக்குரியது, ஆகவே அதன் வழியே பேச்சு வரும் என்பது அவர்களின் எண்ணம். 2011-இல் லைப்சிக் நகரில் பெஞ்சமின் ஸ்டால் குழுவினர் 17 பேரிடம் சோதித்து, உதவியது மெட்டைவிடத் தாளமும், பாடியவை ஏற்கெனவே நாவில் ஊறிய தொடர்கள் என்பதுமே என்றனர். கந்தர் சஷ்டிக் கவசத்தை மனப்பாடமாகச் சொல்பவரால் 'காபி வேண்டும்' என்று கேட்க முடியாதிருப்பது அடமன்று, நடிப்பன்று. ஊறிய பாட்டு ஒரு வாயில் மட்டுமே. அதில் நுழைந்து, அன்றாடத் தேவைக்கான தொடர்களைத் தாளத்தோடு பழக்கினால்தான் அது சிகிச்சையாகிறது.

ஒன்றுக்கு மேற்பட்ட மொழி அறிந்தவருக்கு எது முதலில் திரும்பும் என்பது பழைய விவாதம். முதலில் கற்றதே நிலைக்கும் என்றார் தியோதூல் ரிபோ. அதிகம் புழங்கியதே முந்தும் என்றார் 1895-இல் ஆல்பெர் பித்ரே. மொழிகள் பெரும்பாலும் இணையாகவே திரும்புகின்றன, சிலரிடம் ஒன்று முந்துகிறது, அரிதாகச் சிலரிடம் ஒன்று வரும்போது மற்றது மறைகிறது என்று மிஷேல் பரதி பிற்காலத்தில் பதிவுகளைத் தொகுத்து வகைப்படுத்தினார். ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 608 நோயாளிகளைக் கொண்டு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாதத்துக்குப் பின் அறிவாற்றல் கெடாதிருந்தவர்கள் இருமொழியாளரில் 40.5 விழுக்காடு, ஒருமொழியாளரில் 19.6 விழுக்காடு என்று தெரிந்தது. ஆனால் மொழியிழப்பு இரு சாராரிலும் ஒரே அளவில் இருந்தது. தமிழ் உள்ளிட்ட 45 மொழிகளைப் பேசுவோரை எவெலினா ஃபெடரென்கோ குழுவினர் படம்பிடித்து 2022-இல் வெளியிட்டதில், மொழி எதுவாயினும் மூளையின் மொழி வலைப்பின்னல் ஒன்றுபோலவே இடப்பாதியில் அமைந்திருப்பது உறுதியானது. ஆகவே பிற நாட்டு ஆய்வுகளின் அடிப்படை முடிவுகள் தமிழருக்கும் பொருந்தும். பயிற்சியின் உள்ளடக்கம் மட்டும் அப்படிப் பொருந்தாது. தமிழர் பெரும்பாலும் வீட்டில் எழுத்துத்தமிழில் பேசுவதில்லை என்பதால், 'வருகிறார்' என்று அச்சிட்ட அட்டையைக் காட்டி அதையே சொல்லக் கேட்பது, வாழ்நாளில் பேசிப் பழகாத ஒரு வடிவத்தை நோயுற்ற மூளையிடம் கேட்பதாகும். பேச்சுத்தமிழிலேயே தொடங்குவதும், அவரவர் வட்டார வழக்கை மதிப்பதும் இங்குள்ள பயிற்சியாளர்களின் கடமை.

பயிற்சி பலன் தரும் என்பதில் இன்று ஐயத்துக்கு இடமில்லை. எவ்வளவு, எப்போது என்பவையே கேள்விகள். சஞ்சித் போகல் முதலியோர் 2003-இல் அதுவரை வந்த சோதனைகளை ஒப்பிட்டபோது, பலன் கண்டவற்றில் வாரத்துக்குச் சராசரியாக 8.8 மணி நேரப் பயிற்சி ஏறத்தாழ 11 வாரங்களுக்கும், பலன் காணாதவற்றில் வாரத்துக்கு 2 மணி நேரம் ஏறத்தாழ 23 வாரங்களுக்கும் அளிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. பேச்சுப் பயிற்சியால் பயனில்லை என்று பலகாலம் சொல்லப்பட்டதற்குக் காரணம் மருந்தன்று, மருந்தின் அளவு. அதற்காக முதல் நாளிலிருந்தே கடுமையாகத் தொடங்கினால் நல்லது என்றும் ஆகாது: ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எரின் கொடெக்கே தலைமையில் நடந்த பெரிய சோதனை, முதல் இரு வாரங்களுக்குள் தொடங்கிய செறிந்த பயிற்சி வழக்கமான பயிற்சியைவிட மேலான பலன் தரவில்லை என்று கண்டது. சோர்ந்த மூளை தேறி எழ இடம் வேண்டும்.

2001-இல் ஃப்ரீடெமான் புல்வெர்முல்லர் குழுவினர் வேறொரு வழியைக் காட்டினர். நோயாளிகள் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கையில் உள்ள படச்சீட்டு மற்றவருக்குத் தெரியாதபடி நடுவே தடுப்பு இருக்கும். தம்மிடம் உள்ளதற்கு இணையான சீட்டைக் கைச்சாடை இன்றிச் சொல்லால் மட்டுமே கேட்டுப் பெற வேண்டும். நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம், பத்து நாள்கள். நோய் நாள்பட்டவர்களே அதில் பங்கேற்றனர். அவர்களின் மொழி அளவிடத்தக்க வகையில் முன்னேறியது. குடும்பத்தார் அன்பு மிகுதியால், நோயாளி கண்ணசைத்ததும் தேவையை ஊகித்துக் கொண்டுவந்து வைப்பது பேச்சுக்கான தேவையையே போக்கிவிடுகிறது என்பது இந்த விளையாட்டிலிருந்து வீடுகள் கற்க வேண்டியது. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுவதும், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசுவதும் செலவில்லாத சிகிச்சைகள்.

ஆறு மாதம் கழிந்தால் இனி வராது என்ற சொல், மருத்துவமனைகளிலிருந்து வீடுகளுக்குப் பரவி வேரூன்றியது. முன்னேற்றத்தின் வேகம் முதல் வாரங்களில் மிகுதி, பின் குறைகிறது என்பது உண்மை; குறைவதும் நிற்பதும் ஒன்றல்ல. காத்தெரினா பிரைட்டன்ஷ்டைன் தலைமையில் ஜெர்மனியின் 19 மையங்களில், பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்கு மேலான 156 பேரைக் கொண்டு நடத்திய சோதனை 2017-இல் வெளியானது. பாதிப் பேருக்கு மூன்று வாரங்கள், வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் பயிற்சி அளிக்கப்பட்டது. மறுபாதியினர் அதே மூன்று வாரங்கள் காத்திருந்தனர். பயின்றவர்களின் அன்றாடப் பேச்சுத்திறன் உயர்ந்தது, காத்திருந்தவர்களிடம் மாற்றமில்லை. பிறகு அவர்களுக்கும் பயிற்சி அளித்தபோது அவர்களும் முன்னேறினர். நாள் கடந்துவிட்டது என்ற காரணத்தைக் காட்டி பேச்சுப் பயிற்சியை மறுப்பதற்கு இதற்குப் பின் அறிவியல் ஆதாரம் இல்லை. இத்தாலியில் நிக்கோலா ஸ்மானியா குழுவினர் 2010-இல் பதிவுசெய்த ஒரு நோயாளி, பக்கவாதத்தால் பேசுவது, புரிந்துகொள்வது, படிப்பது, எழுதுவது அனைத்தையும் இழந்தவர். முதல் ஆண்டில் பிறர் பேச்சு அவருக்குப் புரியத் தொடங்கியது. மூன்றாம் ஆண்டுக்குள் பொருள்களின் பெயர்கள் வந்தன. தாமாகப் பேசும் பேச்சு அதற்குப் பின்னரே தோன்றியது, இருபத்தைந்தாம் ஆண்டில் சோதித்தபோதும் அவர் முன்னேறியிருந்தார்.